உரிமம் படி, உரிமை காப்பாய்!

தோழனே!

உரிமை என்ற சொல்லை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேடைதோறும் அதை முழங்கினோம். சுவர்தோறும் அதை எழுதினோம். ஆனால் அந்தச் சொல்லின் அருகிலேயே, உடன்பிறந்தது போல ஒட்டிக்கொண்டு, அடக்க ஒடுக்கமாக நின்றுகொண்டிருக்கிறது மற்றொரு சொல் — உரிமம்! கடைசி எழுத்து மாறியதும் கருத்தே மாறிவிடுகிறது, பார்த்தாயா? உரிமை நம்மோடு பிறப்பது. உரிமம் பிறர் எழுதித் தருவது. உரிமையைப் பறிக்க வருபவனை ஊர் எல்லையிலேயே மறிக்கத் தெரிந்த நாம், உரிமத்தைப் படித்துக்கூடப் பாராமல் ஒப்பமிட்டு விடுகிறோம். அந்த அலட்சியத்தைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உன்னிடம் பேச வந்திருக்கிறேன்.

"அரசியல் ஏட்டிலே கணிப்பொறிப் பாடமா?" என்று புருவத்தை நெரிக்காதே. பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்று எங்கே கிடைக்கிறது? வலைத்தளத்தில். நிலத்துக்குப் பட்டா நகல்? வலைத்தளத்தில். ஏழை மாணவன் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எங்கே? அதுவும் வலைத்தளத்தில்! அந்தத் தளங்களைத் தாங்கி நிற்கும் சர்வர்களிலே குடியேறியுள்ள நிரல்கள் யாருடையவை, எந்த நிபந்தனையின் பேரில் அங்கே குடிவந்தன, நாளைக்கு எவர் வந்து எந்தக் காகிதத்தைக் காட்டி வாடகையை உயர்த்துவார் — இதைக் கேட்பது அரசியல் இல்லை என்றால், வேறு எதைத்தான் அரசியல் என்பது?

வலைத்தளம் ஒன்றை எழுப்புகிறவன் அடித்தளம் முதல் அத்தனையையும் தானே சுடுவதில்லை. வீடு கட்டுகிறவன் செங்கல்லை ஒரு சூளையிலும், கதவை ஒரு தச்சனிடமும், பூட்டை ஒரு கடையிலும் வாங்குவதைப்போல, பிறர் எழுதிய மென்பொருள் பாகங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்குகிறான். பக்கத்தை அனுப்ப ஒரு பாகம். தகவலைச் சேமிக்க ஒரு பாகம். சான்றிதழைத் தாளாக்கித் தர ஒரு பாகம். வரைபடம் காட்ட ஒரு பாகம். ஒவ்வொரு பாகத்தின் முதுகிலும் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தின் பெயர்தான் உரிமம். பாகத்தின் வேகத்தைப் பார்க்கிறான், விலையைப் பார்க்கிறான், காகிதத்தை மட்டும் பாராமல் சர்வரில் ஏற்றிவிடுகிறான். பின்னர் ஒருநாள் கடிதம் வருகிறது.

இலவசம் என்று நினைத்தாயா?

"இணையத்திலே கிடந்தது, எடுத்துக்கொண்டேன்" என்பார் உண்டு. கிடந்ததெல்லாம் கேட்பாரற்றது ஆகிவிடுமா? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, கணிப்பொறி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்றே வகைப்படுத்துகிறது. ஆம், தோழனே! நாடகம் எழுதும் என் கையெழுத்துப் படியும், நிரல் எழுதும் இளைஞனின் படைப்பும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே சாதி. ஆசிரியர் பெயர் தெரிந்த இலக்கியப் படைப்புக்கு அவர் வாழ்நாளும், அதன்பின் 60 ஆண்டுகளும் காவல் உண்டு. ஆகவே உரிமமே எழுதப்படாத நிரல் இலவசமானது என்று எண்ணுவது பேதைமை. உரிமம் எழுதப்படவில்லை என்றால் உனக்கு எந்த உரிமையும் தரப்படவில்லை என்பதே பொருள்.

காகிதத்துக்கு உயிர் உண்டா என்று ஐயுறுவோருக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பொம்மை இரயில்களை இயக்குவதற்காக ஒருவர் எழுதிய நிரலை, நிபந்தனைகளை மீறி மற்றொரு நிறுவனத்தார் எடுத்துக்கொண்டார்கள். 'விலையின்றிக் கொடுத்த பொருளுக்கு நிபந்தனை ஏது?' என்று வாதித்தார்கள். 2008-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், விலையின்றித் தரப்பட்ட நிரலின் நிபந்தனையும் பதிப்புரிமையின் வலிமையோடு நிற்கக்கூடியதே என்று தீர்த்தது. பொம்மை இரயிலுக்கே அந்த மதிப்பு என்றால், ஊராளும் சர்வருக்கு எத்தனை மதிப்பு என்று எண்ணிப்பார்!

நாமும் இதை வேறு வடிவத்தில் பார்த்தவர்கள்தாம். 1921-இல் மறைந்த பாரதியின் பாடல்கள், அவர் மறைவுக்குப் பின்னர் கைமாறிக் கைமாறி, இசைத்தட்டு உரிமை ஒரு பட அதிபரிடம் சென்று சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் படமொன்றிலே பாரதி பாட்டு இடம்பெற்றபோது உரிமைத் தகராறு எழுந்தது. மக்கள் வாயில் வாழும் பாட்டுக்குத் தனியொருவர் பூட்டா என்ற குரல் நாடெங்கும் எழும்பிற்று. 1949-இல் சென்னை அரசாங்கம் அந்த உரிமைகளைத் தன்வசமாக்கி, பாட்டை நாட்டுக்கு ஆக்கிற்று. மக்களுக்குத் தேவையான படைப்பின் சாவி எங்கே இருக்கிறது என்ற கேள்வி, ஆகவே, நமக்குப் புதியதன்று.

மேடையும் புத்தகமும்

உரிமங்கள் பல நூறு. ஆனால் அவற்றைச் சில குடும்பங்களாகப் பிரித்துவிடலாம். என் தொழிலிலிருந்தே உவமை காட்டுகிறேன்; உனக்கு எளிதில் பிடிபடும்.

நான் ஒரு நாடகம் எழுதுகிறேன் என்று வை. "எவரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கலாம், முகப்பில் என் பெயரை மட்டும் அழிக்காதே" என்று எழுதிக் கொடுத்தால், அது முதல் குடும்பம். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி ஆகிய உரிமங்கள் இந்த வகையின. 2004-இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, எழுதியவரின் காப்புரிமைகளிலிருந்தும் பயன்படுத்துவோருக்கு அனுமதி தருகிறது. அறிவிப்புக் குறிப்பு இருந்தால் அதைக் கூடவே கொண்டுசெல் என்கிறது. உலகின் வலைப்பக்கங்களை அனுப்பிவைக்கும் என்ஜின்எக்ஸ் பி.எஸ்.டி. குடும்பம், அப்பாச்சி சர்வர் அப்பாச்சி குடும்பம். கொடை மனம் படைத்த உரிமங்கள் இவை. ஆனால் வாங்கிக்கொண்டவன் தான் செய்த மாற்றத்தை மூடிப் பூட்டிக்கொண்டாலும், 'ஏன்?' என்று கேட்க இவற்றுக்கு வாய் கிடையாது.

"என் நாடகத்தை எடுத்துக்கொள். ஆனால் நீ திருத்தி அச்சிட்டுப் பிறருக்குப் புத்தகமாகக் கொடுத்தால், திருத்திய காட்சிகளையும் இதே உரிமையோடு கொடு" என்று எழுதினால், அது இரண்டாம் குடும்பம். 1989-இல் பிறந்து, 1991-இலும் 2007-இலும் புதுப்பிக்கப்பட்ட ஜி.பி.எல். உரிமம் இது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் தொடங்கிய இயக்கத்தின் போர்வாள். பெற்றவன் பிறருக்கும் தரவேண்டும்; தனக்குக் கிடைத்த விடுதலையை அடுத்தவனுக்கு மறுக்கலாகாது. சமதர்மம் பேசும் நமக்கு இதன் நியாயம் சட்டென்று புரியும்.

இங்கேதான் சூழ்ச்சிக்கு ஒரு சந்து கிடைத்தது. புத்தகமாகக் கொடுத்தால்தானே நிபந்தனை? மேடையில் மட்டும் நடித்துக் காட்டினால்? திரைக்குப் பின்னால் கையெழுத்துப் படியை மறைத்துவைத்து, ஆயிரமாயிரம் பேர் முன்னே நாடகத்தை நடத்திக்கொண்டே இருந்தால்? சர்வரில் நடப்பது அதுவே! நிரல் சர்வரைவிட்டு வெளியே வருவதில்லை. அதன் ஆட்டத்தை மட்டும் நாம் பார்க்கிறோம். எனவே ஜி.பி.எல். நிரலை எடுத்துத் திருத்திச் சர்வரில் இயக்குகிறவன், திருத்தத்தை எவருக்கும் காட்டவேண்டிய கடமை இல்லை.

அந்தச் சந்தை அடைக்கப் பிறந்தது மூன்றாம் குடும்பம். 2007 நவம்பரில் வெளிவந்த ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் 13-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நிரலை நீ திருத்தி, வலையமைப்பின் வழியே மக்கள் அதனோடு உறவாடும்படி இயக்கினால், அந்த மக்களுக்கு மூலநிரலைப் பெறும் வாய்ப்பைக் கொடு என்கிறது. அதாவது, மேடைக்கு முன்னே அமர்ந்திருப்பவனும் கையெழுத்துப் படியைக் கேட்கலாம்!

நான்காம் குடும்பம் கட்டணக் குடும்பம். 'ஒரு கொட்டகை, ஒரு இரவு, இத்தனை ரூபாய்' என்று கணக்கிடும் வகை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஒரு பொறியையும் இங்கேயே சுட்டிவிடுகிறேன். சர்வரில் இருக்கும் நிரல் வெளியே போவதில்லை என்றேன் அல்லவா? ஆனால் பயனாளியின் உலாவிக்கு அனுப்பப்படும் ஜாவாஸ்கிரிப்ட் வெளியே போகிறது! அது மேடை நடிப்பன்று; புத்தக விநியோகம். 2008-இல் எக்ஸ்ட் ஜே.எஸ். என்னும் உலாவிப் பாகம் எல்.ஜி.பி.எல்.-லிருந்து ஜி.பி.எல்.-லுக்கு மாறியபோது, அதை நம்பிக் கட்டிடம் எழுப்பியிருந்த பலர் திடுக்கிட்டனர். ஆகவே பாகம் எங்கே ஓடுகிறது, சர்வரிலா உலாவியிலா என்பதைக் கேட்காமல் உரிமத்தைத் தேர்ந்தெடுப்பவன், நதியின் ஆழம் கேட்காமல் காலை வைப்பவன்.

காகிதம் மாறிய கதைகள்

சான்றிதழைப் பி.டி.எஃப். தாளாக்கித் தரும் ஐடெக்ஸ்ட் என்ற பாகம் இருக்கிறது. நெகிழ்வான உரிமத்தில் இருந்த அது, 2009 இறுதியில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஏ.ஜி.பி.எல். ஆயிற்று. உன் செயலியின் மூலநிரலைத் திறந்து வைக்க விருப்பமா, இதைப் பயன்படுத்திக்கொள்; மூடி வைக்க விருப்பமா, வணிக உரிமம் வாங்கு என்பது அதன் உரிமையாளரின் நிலை. எக்ஸெல் தாள்களைக் கையாளும் ஈ.பி.பிளஸ் என்ற பாகம், 2020-இல் ஐந்தாம் பதிப்போடு வணிகப் பயனுக்குக் கட்டணம் என்ற வழிக்குச் சென்றது. பழைய பதிப்பு பழைய உரிமத்திலேயே இருக்கும். புதிய பதிப்பு புதிய உரிமத்தில் வரும். 'புதுப்பி' என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவன், பதிப்பை மட்டுமா மாற்றுகிறான்? ஒப்பந்தத்தையே மாற்றிக்கொள்கிறான்!

பெரிய வீடுகளிலும் இந்தப் பெயர்ச்சி நடந்தது. 2018-இல் மாங்கோ டி.பி. ஏ.ஜி.பி.எல்.-ஐ விட்டு, எஸ்.எஸ்.பி.எல். என்று தானே எழுதிய உரிமத்துக்குச் சென்றது. 2021-இல் எலாஸ்டிக் சர்ச் அப்பாச்சியை உதறிற்று. 2023-இல் ஹாஷிகார்ப் தன் டெர்ராஃபார்மை வணிகக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்குள் கொண்டுபோயிற்று. 2024 மார்ச்சில் ரெடிஸ், தான் பிறந்த பி.எஸ்.டி. வீட்டை விட்டு வெளியேறியது.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் கேட்டுவிடுவோம். எதிரியின் வாதத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது பகுத்தறிவாளன் பண்பன்று. "நாங்கள் வியர்வை சிந்தி எழுதுகிறோம், மேகக் கணிமைப் பெருநிறுவனங்கள் அதை எடுத்துச் சேவையாக விற்றுக் கோடிகளைக் குவிக்கின்றன, எங்களுக்குத் திரும்பி வருவது சொற்பம்" என்கிறார்கள். குறை உண்மையானது. உழைப்பவன் ஒருவன், உண்பவன் மற்றொருவன் என்ற நிலை எங்கே இருந்தாலும் நாம் கண்டிக்கிறோம்.

ஆனால் மருந்து எப்படி இருந்தது? எஸ்.எஸ்.பி.எல். கூறுவது இது: நிரலையே ஒரு சேவையாகப் பிறருக்கு வழங்கினால், அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் காப்புப்படி, கண்காணிப்பு, சேமிப்பு முதலிய மென்பொருள்கள் அனைத்தின் மூலத்தையும் திறந்துவிடு! தன் சொந்த வலைத்தளத்துக்குப் பின்னால் தகவல் பெட்டகமாக மட்டும் வைத்துக்கொள்வோனை அந்த விதி பொதுவாகத் தீண்டாது என்பது மெய்தான். எனினும் திறந்த மூல முயற்சி என்னும் அமைப்பு, இது திறந்த மூல உரிமம் ஆகாது என்று 2021-இல் தெளிவாக அறிவித்தது. ஃபெடோராவைப் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டன.

பின்னர் நடந்ததுதான் பாடம். எலாஸ்டிக் சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச் கிளைத்தது. டெர்ராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்தது. ரெடிஸிலிருந்து வால்கீ, உரிமம் மாறிய அதே மாதத்திலேயே, லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலில் கிளைத்தது. முன்னே வெளியிட்ட பதிப்புகளின் உரிமம் திறந்திருந்ததால் அல்லவா மக்கள் மாற்று வீடு கட்ட முடிந்தது? 2024-இல் எலாஸ்டிக்கும், 2025 மே மாதத்தில் ரெடிஸும் ஏ.ஜி.பி.எல்.-ஐத் தங்கள் உரிமங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன. சுற்றிச் சுற்றி எங்கே வந்து நின்றார்கள் பார்த்தாயா? மேடைக்கு முன்னே அமர்ந்தவனின் உரிமையை மதிக்கும் அந்த உரிமத்தின் வாசலில்!

இவர்களால் எப்படி ஒரே இரவில் உரிமத்தை மாற்ற முடிந்தது? சாவி ஒரே கையில் இருந்தது. அல்லது, மாற்றத்தைத் தடுக்கும் சொல் உரிமத்தில் இல்லாதிருந்தது. லினக்ஸின் கருவகத்தைப் பார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. மறு ஆண்டே ஜி.பி.எல். ஆயிற்று. ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள், ஒவ்வொருவர் எழுதியதன் உரிமையும் அவரவரிடமே இருக்கிறது. இனி எந்த நிறுவனமும், டோர்வால்ட்ஸே விரும்பினாலும்கூட, தனித்து அதன் உரிமத்தை மாற்றிவிட முடியாது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தகவல் பெட்டகமும் எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் ஆகாமல் ஒரு குழுவின் உழைப்பாக நிற்கிறது. அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும், பரவி நின்றால் என்ன ஆகும் என்பதைக் கூட்டாட்சி கேட்கும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுமா? உரிமத்தின் பெயரை மட்டும் படித்தால் போதாது, தோழனே! அதை மாற்றும் பேனா எவர் சட்டைப் பையில் இருக்கிறது என்பதையும் பார்.

கட்டணக் கொட்டகை

இப்போது நான்காம் குடும்பத்துக்கு வருகிறேன். விலை கேட்பது குற்றமா? குற்றமில்லை. உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்ற நாம் விலையைப் பழிக்கலாமா? கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைத்தான் காணவேண்டும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கோர் எண்ணிக்கைப்படி உரிமம் விற்கிறது. கூட்டம் பெருகிற்று, இயந்திரத்தைப் பெரிதாக்கினாய் என்றால், உரிமக் கட்டணமும் கூடவே பெரிதாகும். அதன் நிரலாளர் பதிப்பு விலையின்றிக் கிடைக்கும். எழுதிப் பார்க்கலாம், சோதித்துப் பார்க்கலாம். மக்களுக்கான சர்வரில் ஏற்றக்கூடாது! ஒத்திகைக்கு இலவசம், அரங்கேற்றத்துக்குக் கட்டணம். ஒத்திகையிலே மயங்கி ஒப்பந்தம் போட்டவன் அரங்கேற்ற நாளன்று கையைப் பிசைகிறான். ஆரக்கிள் நிறுவனம் 2023 சனவரியில் ஜாவாவுக்கு வகுத்த கட்டண முறையிலோ, அதைத் தொட்டவர் எத்தனை பேர் என்பது கணக்கில்லை. நிறுவனத்தின் பணியாளர் மொத்தம் எத்தனை என்பதே கணக்கு! மூலையில் ஒரு சர்வர் ஓடும்; வாசல் காவலரின் தலையும் எண்ணப்படும். அதே ஜாவாவின் திறந்த வடிவமான ஓப்பன் ஜே.டி.கே. ஜி.பி.எல். வழியில், தனி விதிவிலக்கோடு, விலையின்றிக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கேட்காமல் வாங்கியவனுக்கு வாடகை. கேட்டு எடுத்தவனுக்கு விடுதலை!

"பணம் கொடுத்தால் பொறுப்பேற்க ஓர் ஆள் இருப்பாரே" என்பார்கள். நல்ல வாதம். நள்ளிரவில் தளம் நின்றுபோனால் எழுந்து வர ஆள் வேண்டும். அதற்குக் கூலி கொடு, தாராளமாகக் கொடு! ஆனால் பராமரிப்புக்குக் கூலி கொடுப்பது வேறு. குடியிருக்கும் வீட்டையே அடகு வைப்பது வேறு. திறந்த நிரலுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. அங்கே பணியாளர் சரியில்லை என்றால் பணியாளரை மாற்றலாம், நிரலை மாற்றவேண்டியதில்லை.

அஞ்சுவோர் அஞ்சட்டும்

"ஏ.ஜி.பி.எல். ஆபத்தானது, கூகுள்கூட அதைத் தன் நிறுவனத்தினுள் தடைசெய்திருக்கிறதே" என்று காதில் ஓதுவோர் உண்டு. உண்மை, கூகுள் தன் கொள்கையிலே அதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஏன் தடைசெய்தது? தன் சேவைகளின் மூலநிரலைத் திறந்து காட்ட வேண்டிய நிலை வந்துவிடலாகாதே என்ற அச்சம். நிரலை மூடி வைத்து வணிகம் நடத்துவோர்க்கு அந்த அச்சம் பொருந்தும். மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்காக எழுதும் அரசு அலுவலகத்துக்கு அந்த அச்சம் எதற்கு? பண்ணையார் அஞ்சுகிறார் என்பதற்காக உழவனும் நில உச்சவரம்பைக் கண்டு அஞ்சவேண்டுமா?

அந்த உரிமத்தின் ஆற்றலை 2021-இல் உலகம் கண்டது. அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் — இன்று மீண்டும் அப்பதவியில் இருப்பவர் — டிரம்ப் சார்பில் 'ட்ரூத் சோஷியல்' என்ற சமூகத் தளம் ஒன்றின் சோதனை வடிவம் அக்டோபரில் வெளியே தெரிந்தது. உற்றுப் பார்த்தால், மாஸ்டடான் என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் எழுப்பப்பட்டது! மாஸ்டடான் ஏ.ஜி.பி.எல். உரிமம் உடையது. மூலம் எங்கே என்று அதன் படைப்பாளர் முறைப்படி கடிதம் எழுதினார். மீறினால் முப்பது நாளில் உரிமம் நிலையாகப் பறிபோகும் என்ற விதி எச்சரிக்கையாக எடுத்துரைக்கப்பட்டது. நவம்பரில் மூலநிரல் வெளியே வைக்கப்பட்டது. கோடீசுவரனும் குனிந்தான் என்றால், பணத்துக்கா, பதவிக்கா? சில பக்கம் எழுதிய ஒரு காகிதத்துக்கு!

ஆக்கவழியிலும் சான்று உண்டு. கட்டலோனிய மக்களின் தலைநகர் பார்சலோனா. அந்நகராட்சி 2016-இல் மக்கள் கருத்தைக் கேட்டுத் திட்டம் தீட்ட ஒரு வலைத்தளம் தொடங்கியது. அதன் பெயர் 'டெசிடிம்'. கட்டலோனிய மொழியிலே 'நாங்கள் முடிவு செய்கிறோம்' என்று பொருள். ஆதிக்க மொழியில் பெயர் தேடாமல் அன்னை மொழியிலே பெயரிட்டார்கள் என்பதை நம்மவர் குறித்துக்கொள்க! அந்நிரலுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏ.ஜி.பி.எல். உரிமம். பின்னர் எல்சின்கி நகரம் மக்கள் பங்கேற்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் எதிர்காலம் பற்றிய மாநாட்டுத் தளமும் 2021-இல் அதன் மீதே எழுந்தது. ஒரு நகரம் விதைத்தது; பல நகரம் அறுவடை செய்தன; எந்த இடைத்தரகனும் வேலி போடவில்லை.

இதனால் எல்லாவற்றுக்கும் ஏ.ஜி.பி.எல். என்று நான் பிடிவாதம் பிடிப்பதாக எண்ணாதே. தமிழ் எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் சிறு நிரல் நூலகம் ஒன்றை எழுதுகிறாய் என்று வை. அது அரசிலும் வணிகத்திலும், மூடிய நிரலிலும் திறந்த நிரலிலும், மூலைமுடுக்கெல்லாம் பரவவேண்டும் என்பது உன் ஆசை. அங்கே எம்.ஐ.டி., அப்பாச்சி போன்ற கொடை உரிமமே ஏற்றது. ஓக் வோர்பிஸ் என்ற ஒலிவடிவம் பரவுவதற்காக அதன் நூலகத்துக்குப் பி.எஸ்.டி. வகை உரிமம் இட்டதை, 2001-இல் ஸ்டால்மனே ஆதரித்தார். முரசு ஊரெங்கும் ஒலிக்கவேண்டும் என்றால் அதற்கு உறை போடாதே. கோட்டை மக்களுக்கே நிலைக்கவேண்டும் என்றால் அதற்குக் கதவு போட மறவாதே. நோக்கம் முதலில், உரிமம் அதன் பின்.

ஐந்து கேள்விகள்

ஆகவே, ஊருக்காகத் தளம் கட்டும் இளைஞனே, ஒரு பாகத்தைச் சர்வரில் ஏற்றுமுன் ஐந்து கேள்விகளைக் கேள்.

முதலாவது, இதன் உரிமம் எது, எந்தப் பதிப்புக்கு? பெயரைக் கேட்டு நின்றுவிடாதே, எண்ணையும் கேள். ஜி.பி.எல். இரண்டுக்கும் மூன்றுக்கும் வேறுபாடு உண்டு. அப்பாச்சி உரிமப் பாகம் மூன்றாம் பதிப்போடு சேரும், இரண்டை மட்டும் ஏற்கும் நிரலோடு சேராது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்து.

இரண்டாவது, இது சர்வரிலேயே இயங்குமா, உலாவிக்குப் பயணப்படுமா?

மூன்றாவது, கட்டணம் என்றால் எதை எண்ணுகிறார்கள்? சர்வரையா, கோரையா, மனிதத் தலையையா? சோதனைச் சர்வரும், முதற்சர்வர் விழுந்தால் தாங்கவிருக்கும் மாற்றுச் சர்வரும் கணக்கில் உண்டா?

நான்காவது, உரிமத்தை மாற்றும் பேனா எவர் கையில்?

ஐந்தாவது, ஒப்பந்தம் முடிந்த மறுநாள் தளம் ஓடுமா, நிற்குமா?

இந்த ஐந்துக்கும் விடை எழுதிக் கையொப்பமிட ஒருநாள் போதும். எழுதாமல் விட்டால் பின்னர் வழக்கறிஞரின் வாசலில் எத்தனை நாள் நிற்க நேரும் என்பதை எவர் அறிவார்?

அரசுக்கு நாம் கேட்பது

இளைஞனுக்குச் சொன்னது போதும். ஆட்சியில் இருப்போர்க்கும் சொல்லவேண்டும். 2015-இல் மைய அரசு திறந்த மூல மென்பொருளை அரசு அலுவல்களில் ஏற்பதற்கான கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டில், அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக வளர்ப்பதற்கும் கொள்கை வகுத்தது. 2024-இல் இந்தியக் கணிப்பொறி அவசரகால எதிர்வினைக் குழு, மென்பொருளின் பாகங்களைப் பட்டியலிடும் முறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஏட்டில் எழுத்து இருக்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

நாம் கேட்பது மூன்றே மூன்று. அரசு வலைத்தளத்துக்கான ஒவ்வோர் ஒப்பந்தப் புள்ளியிலும் பாகங்களின் பட்டியலும் அவற்றின் உரிமங்களும் இணைக்கப்பட வேண்டும். பொதுப்பணத்தில் புதிதாக எழுதப்படும் வலைச் செயலி, பாதுகாப்புக்கு ஊறு வராத அளவில், ஏ.ஜி.பி.எல். போன்ற உரிமத்தில் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். மூடிய பாகத்தை வாங்கித்தான் தீரவேண்டும் என்றால், ஏன் என்பதையும், வெளியேறும் வழி எது என்பதையும் எழுத்திலே பதிந்து வைக்க வேண்டும்.

செலவு பெரிதாகும் என்பரோ? பட்டியல் எழுதுவதற்குப் பணம் எத்தனை வேண்டும்? பணி தாமதமாகும் என்பரோ? கேட்காமல் ஏற்றிய பாகத்தைக் கடிதம் வந்தபின் பிடுங்கி எறிவதைவிடவா தாமதம்?

தோழனே! நிலம் எவருடையது என்று கேட்டோம், பட்டா வந்தது. நாளை அந்தப் பட்டாவை அச்சிட்டுத் தரும் நிரல் எவருடையது என்றும் கேள். உன் ஊர் மன்றத்திலே கேள்; நகராட்சிக் கூட்டத்திலே கேள்; நம் உறுப்பினர்கள் வழியே சட்டமன்றத்திலே கேள். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இரு!